பள்ளிகளைத் தேடி நடந்த ஆயர்: ஜோசப் ஷானகன் (1871 – 1943)

அயர்லாந்து நாட்டின் அப்போஸ்தலர் என்று போற்றப்படும் புனித பாட்ரிக், அந்நாட்டில் முதன்முதல் காலடி வைத்தபோது போதகராக வரவில்லை. கடற்கொள்ளையர் பிடித்துக் கொண்டுவந்த பதினாறு வயது அடிமைச் சிறுவனாக வந்தார். ஆறு ஆண்டுகள் ஆடு மேய்த்தார், தப்பி ஓடினார், பிறகு தம்மை அடிமையாக வைத்திருந்த மக்களுக்கே நற்செய்தி சொல்லத் திரும்பி வந்தார். ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்குப் பின் அதே நாடு ஈன்ற ஒரு குரு, சிறுவர்களைச் சந்தையில் விற்ற ஒரு நிலப்பகுதிக்கு அனுப்பப்பட்டார். அவரே ஆயர் ஜோசப் ஷானகன். ஆப்பிரிக்காவின் நைஜீரியா நாட்டில், இக்போ இன மக்களிடையே, சிற்றூர் சிற்றூராக நடந்து பள்ளிக்கூடங்களை நாட்டியவர். அவருடைய வாழ்க்கையை நம் பங்கு மக்கள், சிறப்பாக நம் பிள்ளைகளும் ஆசிரியர்களும், அறிந்துகொள்வது நலம் என்று கருதி இங்கே சுருக்கமாகத் தருகிறோம்.

பிறப்பும் இளமையும்

ஜோசப் ஷானகன் 1871-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் அயர்லாந்தில் டிப்பெரரி மாவட்டத்தில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார். 1845-இல் தொடங்கி நாட்டையே வாட்டிய கொடும் பஞ்சத்தின் நினைவு பெரியவர்கள் நெஞ்சில் இன்னும் ஆறாதிருந்த காலம் அது. உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து, பத்து லட்சம் பேர் மடிந்து, மேலும் பல லட்சம் பேர் கப்பலேறிய நாடு. பசி என்றால் என்ன, அயலார் ஆட்சி என்றால் என்ன, படிப்பு மறுக்கப்பட்ட மக்கள் எப்படித் தலைகுனிந்து வாழ்வார்கள் என்பதையெல்லாம் அந்நாட்டுப் பிள்ளைகளுக்குப் புத்தகம் சொல்லித் தரவேண்டியதில்லை. இந்த அனுபவம் பின்னாளில் ஷானகனுக்குக் கைகொடுத்தது.

பதினைந்தாம் வயதில், 1886-இல், பிரான்சு நாட்டில் தூய ஆவி சபையாரின் இல்லத்தில் சேர்ந்தார். 1703-இல் பாரிஸ் நகரில் தோன்றிய இச்சபை, ஆப்பிரிக்க மறைபரப்பையே தன் முதற்பணியாகக் கொண்டிருந்தது. 1900-இல் குருப்பட்டம் பெற்ற ஷானகன், சிறிது காலம் அயர்லாந்தில் சபையார் நடத்திய ராக்வெல் கல்லூரியில் மாணவர்களைக் கண்காணிக்கும் பொறுப்பில் இருந்தார். பையன்களோடு பழகும் கலையை அங்கேதான் கற்றார் எனலாம். 1902-இல் அவர் நெடுநாள் விரும்பிய உத்தரவு வந்தது. அந்த ஆண்டின் இறுதியில் நைஜர் ஆற்றங்கரையிலுள்ள ஒனிச்சா என்ற ஊரை அடைந்தார்.

அவர் கண்ட நாடு

தூய ஆவி சபைக் குருக்கள் ஒனிச்சாவுக்கு முதன்முதல் வந்தது 1885-இல். அருள்தந்தை ஜோசப் லூட்ஸ் தலைமையில் வந்த அவர்கள் மலேரியாவாலும் மஞ்சள் காய்ச்சலாலும் ஒருவர்பின் ஒருவராகக் கல்லறைக்குப் போனார்கள். அவர்கள் செய்துவந்த தலையாய அறச்செயல், அடிமைகளை விலைகொடுத்து மீட்பது. சந்தைக்கு வந்த குழந்தைகள், நோயுற்றதால் விலைபோகாத சிறுவர்கள், கடனுக்காக விற்கப்பட்டவர்கள், இரட்டையராகப் பிறந்ததால் சாபம் எனக் கருதிக் காட்டில் எறியப்பட்ட சிசுக்கள் ஆகியோரைக் குருக்கள் ஏற்று வளர்த்தனர். பெரியவர்களானதும் அவர்களைக் குடியமர்த்தத் தனிக் கிறிஸ்தவக் கிராமங்களையும் உண்டாக்கினர்.

இதற்கான பணம் எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவின் ஏழை எளியவர்களிடமிருந்தே பெரும்பகுதி வந்தது. 1843-இல் பிரான்சு நாட்டு நான்சி நகர ஆயர் ஃபோர்பென்-ஜான்சன் தொடங்கிய திருக்குழந்தைச் சபையில் சேர்ந்த சிறுபிள்ளைகள், தூரதேசத்துக் குழந்தைகளுக்காக மாதந்தோறும் ஒரு சிறு காசைத் தந்தார்கள். கர்தினால் லவிஜெரி 1888-இல் அடிமை வாணிபத்துக்கு எதிராக ஐரோப்பிய நகரங்களெங்கும் முழங்கினார். அதன் பயனாகத் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர், மூன்று இராசாக்கள் திருநாளன்று எல்லாக் கோவில்களிலும் அடிமை மீட்புக்கெனக் காணிக்கை எடுக்க 1890-இல் ஏற்பாடு செய்தார். அந்தக் காசுகளே ஒனிச்சாவின் குழந்தைகளுக்கு விடுதலையாய் வந்து சேர்ந்தன.

1905-இல், தலைவராயிருந்த தந்தை லெஜூன் நோயுற்று மறைந்தார். முப்பத்து நான்கு வயதே ஆன ஷானகன் தென்நைஜீரிய மறைப்பகுதியின் தலைவராக நியமிக்கப்பட்டார். பரந்த நிலம், விரல்விட்டு எண்ணத்தக்க குருக்கள், கையிலே கொஞ்சம் பணம். அவர் செய்த முதல் காரியமே அவர் வாழ்நாளின் மிகக் கடினமான காரியமாக அமைந்தது.

ஒரு கடினமான முடிவு

அடிமை மீட்புக்கு வந்த பணத்தை இனிப் பள்ளிக்கூடங்களுக்குச் செலவிடுவது என்று அவர் தீர்மானித்தார்.

இதைப் படிக்கும் நமக்கே நெஞ்சம் ஒருகணம் துணுக்குறும். கண்முன்னே ஒரு குழந்தை நிற்கிறது. காசைக் கொடுத்தால் அது இன்றைக்கே விடுபடும். அப்படியிருக்க, அந்தக் காசைக் கொண்டுபோய்ச் சுவரும் கூரையும் எழுப்புவதா? முந்திய குருக்கள் உயிரைக் கொடுத்துக் காத்த பணியைக் கைவிடுவதா? ஷானகனுக்கு இக்கேள்விகள் எழாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் இருபது ஆண்டு அனுபவம் வேறொன்றையும் காட்டியிருந்தது.

முதலாவது, இரக்கத்தோடு நீட்டப்பட்ட பணமே ஆனாலும் அது விற்றவன் மடியில்தான் போய் விழுந்தது. ஒரு பிள்ளைக்கு விலை கிடைத்தால், மறுபிள்ளையைக் கொண்டுவர ஆள் இருந்தான். இரண்டாவது, மீட்கப்பட்ட பிள்ளைக்கு உற்றார் இல்லை, ஊர் இல்லை. கிறிஸ்தவக் கிராமம் நாட்டுமக்களிடமிருந்து துண்டித்த தீவாகவே நின்றது. மூன்றாவது, இதுதான் முக்கியமானது, கத்தோலிக்க வேதம் அடிமைகளுக்கும் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் உரியது என்று எண்ணிச் சுயாதீன மக்கள் விலகிப் போனார்கள். குழந்தைகளை விற்பதும் எறிவதும் எந்த ஊர்களில் வழக்கமாயிருந்ததோ, அந்த ஊர்களுக்குள் நற்செய்தி நுழையவே இல்லை. சந்தையின் வாசலில் நின்று ஒரு பிள்ளையை மீட்பதைக் காட்டிலும், பிள்ளை சந்தைக்கே வராதபடி ஊரின் மனத்தை மாற்றவேண்டும் என்பதை அவர் கண்டார். தந்தை லெஜூனும் தம் இறுதி ஆண்டுகளில் இதே வழியில் திரும்பத் தொடங்கியிருந்தார். ஷானகன் அதை முழுமூச்சாகச் செய்தார்.

காலமும் அதற்கு இசைந்தது. 1901-02-இல் ஆங்கிலேயர் படையெடுத்து, ஆரோ வணிகர்களின் கையிலிருந்த புகழ்பெற்ற குறிகேட்கும் தலத்தைத் தகர்த்தார்கள். வழக்குத் தீர்க்கவென்று அங்கே அழைத்துச் செல்லப்பட்டவர்கள் பலர் அடிமைகளாக விற்கப்பட்டு வந்த இடம் அது. பின்னர் ஊர்தோறும் ஆங்கிலேயரின் வழக்குமன்றங்கள் வந்தன. மன்றத்தில் பேசப்பட்டது ஆங்கிலம். மொழிபெயர்ப்பவன் சொன்னதே நியாயம் என்றாயிற்று. அவன் கைக்கு ஏதாவது வைத்தவனுக்கே தீர்ப்பு என்றும் ஆயிற்று. எழுத்தறிந்த ஒரு பிள்ளை நம் ஊரில் இருந்தால் இப்படி ஏமாறவேண்டாமே என்று மூப்பர்கள் ஏங்கினார்கள். அந்த ஏக்கத்தைத் தந்தை ஷானகன் புரிந்துகொண்டார். அயலார் மொழியில் நடந்த ஆட்சியின்கீழ் அயர்லாந்து ஏழைகள் பட்ட பாட்டை அவர் அறிந்தவரல்லவா!

ஊரார் எழுப்பிய பள்ளி

ஓர் ஊரிலிருந்து அழைப்பு வந்தால் அவர் உடனே பணப்பையை அவிழ்த்துவிடமாட்டார். மூப்பர்களோடு அமர்வார். அவர்கள் மரியாதையுடன் உடைத்துத் தரும் கோலாக் கொட்டையைப் பெற்றுக்கொள்வார். பிறகு கணக்காகப் பேசுவார். நிலம் ஊரார் தரவேண்டும். செம்மண் சுவரும் ஓலைக்கூரையும் ஊரார் கையாலேயே எழவேண்டும். ஆசிரியர் தங்க ஒரு குடிசை வேண்டும். அவருடைய பிழைப்புக்கும் ஊர் பங்கு தரவேண்டும். பிள்ளைகளைத் தவறாமல் அனுப்பவேண்டும். இவற்றுக்கு ஒப்பினால் ஆசிரியரைத் தாம் அனுப்புவதாகச் சொல்வார். எமெகுகு, எகே முதலிய ஊர்களின் தலைவர்கள் இவ்வாறு முன்வந்து அழைத்த பின், அவர்களைச் சூழ்ந்த ஊர்களும் எங்களுக்கும் ஒரு பள்ளி என்று கேட்டு வந்தன.

இப்பள்ளிகளைப் பெரிய கட்டடங்களாக நாம் கற்பனை செய்யவேண்டாம். மழை பெய்தால் ஒழுகும் கூரை, உட்கார மரத்துண்டு, கையில் சிலேட்டு. ஆசிரியரே உபதேசியார். காலையில் எழுத்தும் கணக்கும். அதோடு நம் பாட்டன் பாட்டிமார் சின்னக் குறிப்பிடம் என்று மனப்பாடம் செய்தார்களே, அதுபோன்ற வினா-விடை ஞானோபதேசம். மாலையில் பெரியவர்களுக்கும் செபம். இந்த ஆசிரியர்களில் பலர் தாங்களே சில ஆண்டுகள் மட்டும் படித்த இளைஞர்கள். அவர்களுக்குக் கிடைத்த கூலி சொற்பம். அரசாங்கத்தில் எழுத்தராகவோ, வணிகக் கம்பெனியிலோ சேர்ந்தால் பலமடங்கு கிடைத்திருக்கும். அப்படியிருந்தும் குரு ஒருவர் மாதக்கணக்கில் எட்டிப்பார்க்க முடியாத காட்டூர்களில் விளக்கை அணையாமல் காத்தவர்கள் இவர்களே. ஷானகனின் பெயர் நிலைத்தது. இவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நம் நாட்டுப் பழைய உபதேசியார்களை நினைத்தால் இவர்களையும் புரிந்துகொள்வோம்.

1914-இல் மூண்ட முதல் உலகப் போர் இந்த ஏற்பாட்டைச் சோதித்தது. புதிய குருக்கள் வருவது குறைந்தது. ஐரோப்பாவின் காணிக்கையும் வற்றியது. முழுக்க முழுக்க வெளிநாட்டுப் பணத்தில் நின்ற பணியாக இருந்திருந்தால் அன்றே சரிந்திருக்கும். ஆனால் சுவர் ஊராரின் சுவர். கூரை ஊராரின் கூரை. பள்ளிகள் மூடப்படுவதற்குப் பதிலாகப் பெருகின.

கால்நடையாய்ச் சென்ற மேய்ப்பர்

பள்ளியைத் திறந்துவிட்டு ஒனிச்சாவில் அமர்ந்து அறிக்கை வாங்குகிறவராக அவர் இருக்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கும் பிள்ளை உண்மையிலேயே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறதா, ஆசிரியர் பசியில்லாமல் இருக்கிறாரா, ஊரார் தந்த வாக்கு நிற்கிறதா என்பதை நேரில் கண்டால்தான் அவருக்கு நிம்மதி. குதிரைகளை அந்நாட்டு ஈ கொன்றுவிடும். தொடக்க நாட்களில் சாலைகளும் இல்லை. ஆகவே ஒற்றையடிப் பாதையில் நடந்தார். ஆறு குறுக்கிட்டால் ஓடத்தில் ஏறினார். எண்ணெய்ப்பனைக் காடுகளின் ஊடே, மழைக்காலச் சேற்றில், காய்ச்சலோடும் நடந்தார். ஊரார் தந்த வள்ளிக்கிழங்கை உண்டார். அவர்கள் குடிசையிலேயே உறங்கினார். இக்போ மொழியில் பேசினார். அம்மக்கள் படைத்தவராகிய ஒரே கடவுளைச் சுக்வு என்று அழைத்து வந்ததை அறிந்து, அந்த நம்பிக்கையை ஏளனம் செய்யாமல் அதன்மேலேயே ஞானோபதேசத்தை எழுப்பினார்.

போர் முடியும் தறுவாயில் அவர் மேற்கொண்ட பயணம் பெரும் புகழ்பெற்றது. அண்டைநாடான காமரூன் அதுவரை ஜெர்மானியர் வசம் இருந்தது. போரில் ஜெர்மானியக் குருக்கள் வெளியேற்றப்பட, பமெண்டா மலைநாட்டுக் கிறிஸ்தவர்கள் குருவின்றித் தவித்தார்கள். அவர்களைக் காண ஷானகன் காடும் மலையும் கடந்து ஏறத்தாழ ஆயிரம் மைல் நடந்தார். குரு இல்லாத ஆண்டுகளில் உபதேசியார்களே செபத்தையும் ஞானோபதேசத்தையும் விடாமல் நடத்தி வந்ததை அங்கே கண்டார். அவர் நெஞ்சம் நிறைந்தது. ஆனால் அந்தப் பயணம் அவர் உடல்நலத்தைக் குலைத்துவிட்டது.

பெண் பிள்ளைகளுக்காக

1920-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், தம் பிறந்த நாளன்றே, அயர்லாந்தின் மேய்நூத் குருமடக் கோவிலில் அவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பெருமை கொண்டாட அவருக்கு நேரமில்லை. அங்கிருந்த குருக்களையும் குருமாணவர்களையும் பார்த்து, நைஜீரியாவுக்கு வாருங்கள் என்று மன்றாடினார். அவ்வாண்டின் இறுதியிலேயே அயர்லாந்து மறைமாவட்டக் குருக்கள் ஒரு சிலர் புறப்பட்டார்கள். அவர்களுள் ஒருவரான தந்தை பாட்ரிக் விட்னி, 1932-இல் புனித பாட்ரிக் மறைபரப்புச் சபையைத் தொடங்கினார்.

ஆயருடைய மனத்தை அரித்த மற்றொரு கவலை இருந்தது. பள்ளிகளில் பையன்களே நிறைந்திருந்தார்கள். பெண் பிள்ளையைப் படிக்கவைத்து என்ன பயன் என்ற எண்ணம் நம் ஊர்களில் இருந்ததுபோலவே அங்கும் வேரூன்றியிருந்தது. படித்த பையன் திருமுழுக்குப் பெறுவான். ஆனால் அவன் மணக்கும் பெண்ணோ ஒன்றும் அறியாள். வீடு மாறாமல் ஊர் எப்படி மாறும்? இரட்டைக் குழந்தைகளைக் காப்பதானாலும் தாயின் மனத்தில் துணிவு பிறந்தாலன்றி முடியாது. ஆண்கள் மட்டும் நடத்திய மறைபரப்பின் குறை இது என்பதை அவர் ஒளிக்கவில்லை.

எனவே கன்னியரைத் தேடினார். கலபார் நகரில் ஸ்காட்லாந்து நாட்டுப் புரோட்டஸ்டாண்டு ஊழியரான மேரி ஸ்லெஸ்ஸர் அம்மையார், 1915-இல் இறக்கும்வரை, எறியப்பட்ட இரட்டைக் குழந்தைகளை எடுத்து வளர்த்த பகுதியின் நகர் அது, 1923-இல் அருட்சகோதரி மேரி சார்லஸ் வாக்கர் ஆயரின் அழைப்பை ஏற்று வந்து பெண்கள் பள்ளியைப் பொறுப்பேற்றார். அவரிடம் வளர்ந்த பெண்களிலிருந்தே குழந்தை இயேசுவின் பணிப்பெண்கள் என்ற நைஜீரியக் கன்னியர் சபை 1931-இல் துளிர்த்தது. 1924-இல் ஆயர் ஷானகன் அயர்லாந்தின் கில்லெஷாண்ட்ரா என்ற ஊரில் திருச்செபமாலை மறைபரப்புச் சகோதரிகள் சபையைத் தாமே நிறுவினார். அதன் முதல் சகோதரிகள் 1928-இல் நைஜீரியா வந்து சேர்ந்தனர். பெண்களுக்கான பள்ளிகளும் மருத்துவ மனைகளும் ஒவ்வொன்றாக எழுந்தன.

நாட்டுக் குருக்களை உருவாக்கவும் அவர் மறக்கவில்லை. 1924-இல் இக்பாரியம் என்ற ஊரில் குருமடம் தொடங்கினார். 1930-இல் ஒனிச்சாவில் ஜான் அன்யோகுவுக்குத் தம் கையாலேயே குருப்பட்டம் அளித்தார். அவர் பின்னாளில் எனுகு மறைமாவட்டத்தின் ஆயரானார்.

தனிமையில் கழிந்த ஆண்டுகள்

விதைத்தவர் அறுவடையைக் காண்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பணி மிகப் பெரிதாக வளர்ந்துவிட்டது. சிற்றூர் நடையில் சிறந்த ஆயருக்கு அலுவலக நிர்வாகம் பாரமாயிற்று. பார்வை மங்கியது, உடல் தளர்ந்தது. 1931-இல் பொறுப்பைத் துறந்தார். மேதகு சார்லஸ் ஹீரி அவருக்குப்பின் வந்தார். 1932-இல் ஷானகன் நைஜீரியாவை விட்டு அயர்லாந்து திரும்பினார். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் இரைச்சலுக்குப் பழகியவர் ஓய்வு இல்லத்தின் அமைதியில் அமர்ந்திருந்தார். நெஞ்சமோ ஆப்பிரிக்காவிலேயே இருந்தது.

1938-இல் அவர் மீண்டும் ஆப்பிரிக்காவுக்கு வந்தார். ஆனால் தம் மக்களிடம் அல்ல, கண்டத்தின் மறுகோடியிலுள்ள கென்யா நாட்டுக்கு. நைரோபியில் கார்மேல் கன்னியரின் ஆன்மீகக் குருவாக எளிய பணி செய்தார். தலைமை வகித்தவர், யாருக்கும் தலைவராக இல்லாமல் வாழக் கற்றுக்கொண்டார். அந்தப் பாடம் ஆயிரம் மைல் நடையைவிடக் கடினமாய் இருந்திருக்கக்கூடும் என்று நாம் எண்ணுகிறோம். 1943-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று அவர் இறைவனடி சேர்ந்தார். நைரோபியிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மக்கள் மறக்கவில்லை

இக்போ மக்களிடம் ஒரு மரபு உண்டு. குடும்பத் தலைவர் இறந்தால் முதல் அடக்கம் மட்டும் போதாது. சிறிது காலங்கழித்து உறவினர் அனைவரும் கூடி இரண்டாம் அடக்கச் சடங்கைச் சிறப்பாகச் செய்தால்தான் பிள்ளைகள் கடமை முடியும். ஷானகனுக்கும் அது நடந்தது. 1956-இல் அவருடைய எலும்புகள் நைரோபியிலிருந்து ஒனிச்சாவுக்குக் கொண்டுவரப்பட்டன. பெருந்திரளான மக்கள் கூடி அவரைத் தங்கள் தலைமைக் கோவிலில் அடக்கம் செய்தார்கள். அன்று கூடியவர்களில் ஓலைக்கூரைப் பள்ளியில் சிலேட்டுப் பிடித்து, நரைத்த தலையோடு வந்தவர்கள் எத்தனை பேர்! அடிமைகளை மீட்க வந்தவர், தம் பிள்ளைகளால் தம் வீட்டுக்கு மீட்டுவரப்பட்டார்.

அந்த ஓலைக்கூரைகளின் கனியைத் திருச்சபை முழுவதும் அறியும். அகுலேரி என்ற ஊரில் 1903-இல் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்த இவெனே டான்சி, ஒன்பது வயதில் திருமுழுக்குப் பெற்றார், பள்ளியில் படித்தார், அதே ஊரில் தலைமையாசிரியர் ஆனார். 1925-இல் ஷானகன் தொடங்கிய குருமடத்தில் சேர்ந்து 1937-இல் குருவானார். அவரிடம் 1941-இல் திருமுழுக்குப் பெற்ற சிறுவனே, 1985-இல் கர்தினாலாக உயர்த்தப்பட்ட பிரான்சிஸ் அரின்சே. தந்தை டான்சி 1964-இல் துறவியாக மறைந்தார். அவருக்கு 1998-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் நைஜீரிய மண்ணிலேயே அருளாளர் பட்டம் வழங்கினார். ஒரு காட்டூர்ப் பள்ளியிலிருந்து இரண்டே தலைமுறையில் ஓர் அருளாளரும் ஒரு கர்தினாலும்!

சோதனைகளும் வந்தன. 1967 முதல் 1970 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இக்போ நாட்டுப் பிள்ளைகள் பட்டினியால் மடிந்ததை உலகம் கண்டு கலங்கியது. போர் முடிந்ததும் அரசு மிஷன் பள்ளிகளைத் தன்வசப்படுத்திக் கொண்டது. அயர்லாந்துக் குருக்களும் சகோதரிகளும் வெளியேற நேர்ந்தது. ஷானகனின் வேலை அன்றோடு அழிந்தது என்று பலர் எண்ணியிருக்கலாம். ஆனால் வெளியேறிய ஒவ்வொரு குருவின் இடத்திலும் நிற்க அம்மண்ணின் மைந்தர் இருந்தார்கள். கோவில்கள் மூடவில்லை, குருமடங்கள் நிறைந்தன. பல ஆண்டுகளுக்குப்பின் அனம்பிரா மாநில அரசு பல பள்ளிகளைத் திருச்சபையிடமே திருப்பித் தந்தது. 1997-இல் ஆயர் ஷானகனைப் புனிதர் நிலைக்கு உயர்த்துவதற்கான விசாரணையை ஒனிச்சா உயர்மறைமாவட்டம் தொடங்கியது.

நமக்கு ஒரு சொல்

காணாத தேசத்துப் பிள்ளைகளுக்காக நாம் உண்டியலில் போடும் காசு சிறியதே. அதைப் பெற்று மறுகரையில் நின்றவர்களில் ஒருவர், அந்தக் காசு எங்கே செலவானால் பிள்ளை நிலையாகக் காப்பாற்றப்படும் என்று இரவு பகலாகச் சிந்தித்தார் என்பதை இவ்வரலாற்றில் காண்கிறோம். அவர் எடுத்த முடிவால் அன்றைய சந்தையில் மீட்கப்படாமல் போன குழந்தையும் இருந்திருக்கும். அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டுதான் அவர் பள்ளி பள்ளியாக நடந்திருப்பார். தருமம் செய்வோர் கொடுத்ததோடு மறந்துவிடாமல், போய்ப் பார்க்கவும் கேட்கவும் வேண்டும் என்பதையும், பெறுகிறவர்களையும் பங்காளிகளாக மதிக்கவேண்டும் என்பதையும் அவருடைய கால்கள் நமக்குப் போதிக்கின்றன.

நம் பங்கின் எல்லைக்குள்ளும் பள்ளி வாசலை மிதிக்காத பிள்ளை ஒன்று எங்கேனும் இருக்கலாம். அந்தப் பிள்ளையின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று விசாரித்துப் போக நமக்கு மனம் வர, ஆயர் ஜோசப் ஷானகனின் வழியாக ஆண்டவரை மன்றாடுவோமாக.